பாதியில் நின்ற கைகள்

போகி அன்று காலை என் அக்கா விழுப்புரம் ஜங்ஷனில் அடுத்தடுத்து மூன்று ரயில்களைப் பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மாமா எதிலும் இறங்கவில்லை. வாசலில் அவள் செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கையால் கேட்டேன். "பொய் சொல்லிட்டார்" என்று ஒரே சைகையில் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். பண்டிகைக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் இன்னும் நாலு இருந்தன. மிஷின் அன்று ஓடிய ஓட்டத்தில் தரை அதிர்ந்தது.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மாமாவுக்கும் அப்படித்தான். காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்ந்து படித்தவர்கள், பிறகு தாங்களே பார்த்துப் பேசி முடிவுசெய்து கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். மாமா இரண்டு வருஷமாகப் புனே பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அக்கா வீட்டில் தைக்கிறாள். நான் அவளுக்கு நாலு வயது இளையவள், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. நாங்கள் இருவரும் விழுப்புரத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

மாமாவின் விடுதியில் சிக்னல் சரியில்லை. நேராக வீடியோ கால் போட்டால் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதனால் அவர் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போனை டம்ளரில் சாய்த்துவைத்து, கைகளால் பேசி, அதை வீடியோவாக எடுத்து அனுப்புவார். அக்கா அதைப் பார்த்துவிட்டுப் போனைத் தையல் மிஷின் மேல் நிறுத்திவைத்துப் பதில் எடுத்து அனுப்புவாள். இரண்டு பேருக்கும் அதுதான் பேச்சு. எழுதி அனுப்பினால் போதாதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எழுதுவார்கள்தான், ஆனால் அவர்கள் சைகையில் வளர்ந்தவர்கள். எழுத்துத் தமிழ் அவர்களுக்குப் பள்ளியில் கற்ற இரண்டாவது மொழி. நாம் இந்தியில் சண்டை போடுவதுபோல, இந்தியில் கொஞ்சுவதுபோல இருக்கும் அது.

தீபாவளிக்கு மாமா நல்ல கேமரா உள்ள புது போன் வாங்கினார். அதற்குப் பிறகுதான் வீடியோ திக்க ஆரம்பித்தது. கை உயரும், அப்படியே நிற்கும். அடுத்த நொடி கை மடியில் இருக்கும். நடுவில் அவர் என்ன சொன்னார் என்பது காணாமல் போயிருக்கும். மாமாவிடம் கேட்டால், தன் போனில் நன்றாகத்தான் ஓடுகிறது என்பார். கார்த்திகை மாதத்திலேயே அக்கா போனை என்னிடம் காட்டினாள். நான் அப்போது அடுப்பில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. போனிலிருந்து கேன்டீன் சத்தம் கேட்டது. தட்டுகள் மோதுகிற ஒலி, யாரோ இந்தியில் கூப்பிடுகிற குரல், எல்லாம் தடையில்லாமல் ஓடின. "நல்லாத்தானே ஓடுது" என்று கையைக் காட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தேன். சத்தம் ஓடினால் வீடியோ ஓடுகிறது என்று எனக்கு நினைப்பு. காது கேட்காத ஒருத்திக்கு அப்படிப் பதில் சொன்னேன் என்பதை இன்று எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வந்த வீடியோவில் மாமா சொன்னதை அக்கா இப்படிப் படித்தாள்: பொங்கல், ஊர், நான், வர. அத்துடன் படம் நின்றுவிட்டது. நீட்டிய கையோடு மாமா சிலைபோல இருந்தார், பிறகு திரை கறுத்தது. சைகை மொழியில் 'இல்லை', 'முடியாது' எல்லாம் கடைசியில்தான் வரும். தமிழும் அப்படித்தானே. 'வர' என்பது வரை கேட்டுவிட்டுக் கடைசிச் சொல்லைத் தவறவிட்டால் என்ன ஆகும்? வருகிறார் என்று நினைத்து அக்கா புதுப் பாய் வாங்கினாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள், போகி அன்று விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஏன் வரவில்லை என்று அவள் எழுதிக் கேட்டதற்கு மாமா, "சொன்னேனே" என்றார். "வர்றேன்னு சொன்னீங்க" என்றாள் இவள். அவரோ "நீ சரியாப் பார்க்கல" என்று கோபித்துக்கொண்டார். அதன் பிறகு நாலு நாள் வீடியோ போகவும் இல்லை, வரவும் இல்லை. மாட்டுப் பொங்கல் அன்று அக்கா சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டாள். அன்றுதான் நான் அந்த வீடியோவை முதல்முறையாகக் கண்ணால் முழுசாகப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பேச்சு என்று அதில் நாலு சைகைக்கு மேல் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

பண்டிகை முடிந்து கடைகள் திறந்ததும் அவளைப் போன் ரிப்பேர் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். விழுப்புரத்தில் முதலில் போன கடையில் இருந்தவர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "பழைய செட்டுங்க, டிஸ்ப்ளே போயிருக்கும். வேற வாங்கிடுங்க" என்றார். வீடியோவை அவர் ஓடவிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது கடையில் இருந்தவர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். "மெமரி ரொம்பிக்கினு இருக்குது. ரீசெட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும். அடிக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். அக்கா அவர் உதட்டைப் படித்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டென்று கையை நீட்டி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு வருஷமாக மாமா பேசியது எல்லாம் அதற்குள் இருந்தது. ரீசெட் என்றால் எல்லாம் அழிந்துபோகும்.

தெருவில் வைத்து என்னிடம் கேட்டாள். "யாரோட போன் அது?"

"உன்னோடது."

"அப்புறம் நீ ஏன் சரின்னு சொன்ன?"

சின்ன வயதிலிருந்தே கடையில், ஆஸ்பத்திரியில், ரேஷனில் அவளுக்காக நான்தான் பேசுவேன். பேசிப் பேசி, அவளைக் கேட்காமலே அவளுடைய பதில் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டிருந்தது.

திண்டிவனத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காது கேளாதவர்கள் ஒரு மாடி அறையில் கூடுவார்கள். அக்கா தவறாமல் போவாள். அந்தத் தடவை ஓமந்தூரிலிருந்து வரும் அவளுடைய தோழி ஒருத்தி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் ரிப்பேர் பார்க்கிற பெண் ஒருவர் இருக்கிறார், எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்வார் என்று சொன்னாளாம். அடுத்த சனிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரம் முழுக்க அக்கா ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். ரவிக்கை அளவு எழுதுகிற நோட்டு அது. தையல் கணக்கு என்று நினைத்து நான் எட்டிப் பார்க்கவில்லை.

கடை சின்னது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியில்தான் நிற்க வேண்டும். கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இவங்களுக்குக் காது கேக்காதுங்க. போன் பழசாயிடுச்சு. வீடியோ எல்லாமே திக்கித் திக்கித்தான் ஓடுது."

அக்கா என் முழங்கையைத் தட்டினாள். இரு என்று சைகை காட்டிவிட்டு நான் மேலே சொல்லிக்கொண்டு போனேன். மெமரி, டிஸ்ப்ளே என்று இரண்டு கடைகளில் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பெண் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்ங்க. அவங்க ஏதோ சொல்ல வர்றாங்க. நீங்க குறுக்க பேசிக்கினே இருந்தா எப்பிடி?"

சொன்ன விதத்தில் கடுமை இல்லை. ஆனால் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அக்கா நோட்டைப் பிரித்துப் பலகை மேல் வைத்தாள். அதில் இருந்தது இதுதான்:

"எல்லா வீடியோ இல்லை. என் போன் எடுத்த வீடியோ நல்லா. கல்யாண வீடியோ நல்லா. அவர் பழைய போன் வீடியோ நல்லா. அவர் புது போன் வீடியோ மட்டும் நிக்கும். கை வேகம் ஆடினா ரொம்ப நிக்கும். போன் சூடு இல்லை அப்பவும் நிக்கும். இடம் காலி செய்தேன் அப்பவும் நிக்கும்."

அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அக்காவுக்கு உதடு நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னார்: "அக்கா, நான் பண்ண வேண்டிய வேலையில முக்காவாசி நீங்களே பண்ணிக்கினு வந்துட்டீங்க."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து அறையில் இவ்வளவு நாள் ஒவ்வொரு வீடியோவாக ஓட்டிப் பார்த்து, போன் ஆறும்வரை காத்திருந்து, இடத்தைக் காலிசெய்து மறுபடி ஓட்டி, எது தப்பு, எது தப்பில்லை என்று பிரித்து வைத்திருக்கிறாள். எனக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. அதைத்தான் 'எல்லாமே திக்குது' என்று ஒரே வாக்கியத்தில் அழித்திருந்தேன்.

அந்தப் பெண், மாமாவின் பழைய வீடியோ ஒன்றையும் புது வீடியோ ஒன்றையும் எடுத்து அவற்றின் விவரத்தைத் திறந்து பார்த்தார். "தோ, கெடச்சிடுச்சு" என்றார். பிறகு ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் அக்காவுக்குப் புரியும்படி எழுதினார். வீடியோ என்பது நொடிக்கு இத்தனை என்று அடுக்கிய படங்கள். மாமாவின் பழைய போன் நொடிக்கு முப்பது படம் எடுத்தது, சின்ன அளவில். புது போன் அறுபது எடுக்கிறது, ஒவ்வொன்றும் பல மடங்கு பெரியது. அக்காவின் போனால் அத்தனையையும் அந்த ஒரு நொடிக்குள் பிரித்துக் காட்ட முடியவில்லை. சத்தம் சின்ன மூட்டை என்பதால் அது நேரத்துக்கு ஓடிவிடுகிறது. படம் பின்தங்கி, தாண்டித் தாண்டிக் குதிக்கிறது.

"ஆப் வழியா சாதாரணமா அனுப்பினா அதுவே சுருக்கி அனுப்பிடுமே" என்றார், என்னிடம்.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அக்காவிடம் கையால் கேட்டேன். அவள் எழுதினாள்: "சுருக்கினா விரல் மங்கல். அதனால் அவர் டாக்குமெண்ட் ஆக அனுப்புவார்."

அந்தப் பெண் "ஓ" என்று நீளமாக இழுத்தார். "சரிதான். உங்களுக்கு விரல்தானே பேச்சு."

முதலில் அந்தப் பொங்கல் வீடியோவைச் சரிபண்ணித் தரலாம் என்று அவரே சொன்னார். வீடியோவைச் சின்னதாக மாற்றுகிற ஒரு ஆப்பை இறக்கி, மூலத்தை அழிக்காமல் நகல் ஒன்றை மாற்ற வைத்தார். போன் சூடானது. மேசை விசிறியைத் தன் பக்கமிருந்து போன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறொரு போனின் சார்ஜர் ஓட்டையைப் பல்குச்சியால் சுத்தம்செய்ய ஆரம்பித்தார். கைகள் அவ்வளவு சின்ன வேலையில் அவ்வளவு அமைதியாக இருந்தன. இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன்.

"எங்க ஊரு கோட்டக்குப்பம்ங்க. தெருவுல பாதி வீட்டு ஆம்பளைங்க வெளிநாட்ல. போன்ல மூஞ்சி தெரியலன்னா எங்க ஊர்ல யாருக்கும் சோறு எறங்காது. மொதல்ல என் போனைப் பிரிச்சிக் கெடுத்தேன். அப்புறம் சொந்தக்காரங்க போன் ரெண்டு கெடுத்தேன். அப்புறம் வந்துடுச்சு." சிரித்தார். "ரொம்பப் பேஜாரு பண்ணியிருக்கேன் எல்லாரையும்."

மாற்றி முடிந்ததும் போனை அக்காவின் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க" என்றார். அக்கா உடனே போடவில்லை. புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். பிறகு தொட்டாள்.

மாமா வந்தார். கை எங்கும் நிற்கவில்லை. பொங்கல். ஊர். நான். வர. பிறகு, தலையை ஆட்டி, உள்ளங்கையைத் திருப்பி: முடியாது. அதோடு அவர் நிறுத்தவும் இல்லை. புது மிஷின் இறக்குகிறார்கள், எங்கள் பிரிவில் யாருக்கும் லீவு இல்லை. மாசியில் பத்து நாள் வருகிறேன். ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதே. காலையில் பனி கொட்டும், உனக்குச் சளி பிடிக்கும். கடைசியில் விரலை ஆட்டி மறுபடியும்: போய் நிற்காதே, எனக்குத் தெரியும் உன்னை.

அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு பெரியது, அது எவ்வளவு பெரியது என்பது அவளுக்குத் தெரியாது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

"நல்ல சேதியா?" என்று அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொல்லவா என்று அக்காவைக் கேட்டேன். "சொல்லு" என்றாள். சொன்னேன். அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாவம்ங்க அந்த மனுசன். அவ்ளோ சொல்லியிருக்காரு!"

இனி மாமா எப்படி எடுக்க வேண்டும் என்பதுதான் மீதி. கேமராவில் அளவைக் குறைத்து, நொடிக்கு முப்பது படம் என்று வைக்கச் சொன்னால் போதும் என்றார் அந்தப் பெண். அக்கா தலையை ஆட்டினாள், ஒத்துக்கொள்ளவில்லை. கடையிலேயே எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதினாள். அந்தப் பெண் தன் போனை நிறுத்திவைத்தார். அக்கா அதன் முன்னால் நின்று, தோழிகளோடு பேசுகிற வேகத்தில் கைகளால் பேசினாள். முப்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று, பெரிய அளவில், சின்ன அளவில் என்று நாலைந்து எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் தன் போனுக்கு வாங்கி ஓட்டிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "அளவு சின்னது பரவாயில்லை. படம் குறைஞ்சா வேகமான விரல் கரையும். அறுபது வேண்டும், அளவு மட்டும் குறை."

"அளவைக் கொறச்சி அறுபது வெச்சாலும் இந்தப் போன் தாங்குது" என்று அந்தப் பெண் ஓட்டிப் பார்த்துச் சொன்னார். "நான் முப்பதுன்னு சொன்னது தப்பு. எனக்கு இது தோணியிருக்காது அக்கா." சொல்லிவிட்டு அக்கா எழுதிய அந்த வரியைத் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். தன் தொழிலில், தன் கடையில் உட்கார்ந்துகொண்டு, வந்தவரிடம் நான் சொன்னது தப்பு என்று அவ்வளவு இயல்பாகச் சொன்ன ஒருவரை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த இடத்தில் எதைத் தொட வேண்டும் என்று அக்கா அந்தப் பெண்ணின் போன் திரையைத் தன் போனால் படம் படமாக எடுத்து, நடந்ததையும் எழுதி மாமாவுக்கு அனுப்பினாள். தீபாவளிக்குப் பிறகு வந்த மற்ற வீடியோக்களை எப்படிச் சின்னதாக்குவது என்பதையும் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ரீசெட்டுக்கும், நல்லாத்தானே ஓடுது என்று சொன்னதற்கும் சேர்த்து. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "நீ நல்லாப் பேசுவ. கொஞ்சம் கேட்டுட்டுப் பேசு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் மாமாவின் வீடியோ வந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். நீ சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னது தப்பு என்று அதில் மாமா மூன்று முறை சொன்னார். நாலாவது முறை சொல்லும்போது பின்னால் யாரோ அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவர் அதைத் துரத்திக்கொண்டு எழுந்து போனதும் பதிவாகியிருந்தது. ஒரு அசைவுகூட விட்டுப்போகவில்லை. பழைய வீடியோக்களை அக்கா தினம் இரண்டு மூன்றாக மாற்றினாள். மூன்று மாதமாகத் தவறவிட்டதை அப்படித்தான் மிச்சம் வைக்காமல் பார்த்து முடித்தாள். ஒரு வீடியோவில் மாமா விடுதியில் முதல்முறையாகக் கேப்பைக் களி கிண்டிய கதையைச் சொல்லியிருந்தார். அதற்கு அவள் எழுபது நாள் கழித்துப் பதில் அனுப்பினாள்.

மாசியில் மாமா வந்தார், பத்து நாள் இருந்தார். அக்கா அவரைத் திண்டிவனம் கடைக்கு அழைத்துப்போனாள். நான் போகவில்லை. அவர்கள் இருவரும் அந்தப் பெண்ணிடம் எழுதியே பேசிக்கொண்டார்களாம். அந்தப் பெண் 'வா', 'உட்கார்', 'என்ன பிரச்சினை' என்ற மூன்று சைகைகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டாராம்.

பிறகு அக்கா ஒரு காரியம் செய்தாள். வீடியோ ஏன் திக்குகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, அனுப்புகிறவர் கேமராவில் எதை மாற்ற வேண்டும், விரல் கரையாமல் இருக்க எதை மாற்றக் கூடாது என்று எல்லாவற்றையும் சைகையில் ஒரே வீடியோவாகப் பேசி எடுத்து, கூட்டத்துக்கு வருகிற எல்லாருக்கும் அனுப்பினாள். கெடார் பக்கத்திலிருந்து, கடலூரிலிருந்து, முகம் தெரியாத யார் யாரோ தங்கள் போனிலும் சரியாகிவிட்டது என்று பதில் அனுப்புகிறார்கள். எனக்கும் அனுப்பியிருந்தாள். அவள் தன் ஆட்களோடு பேசுகிற வேகம் எனக்குப் பிடிபடவில்லை. பாதியில் நிறுத்தி, இந்த இடம் என்ன என்று போய்க் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எனக்காக ஒவ்வொரு சைகையாக, நிதானமாகச் சொல்லிக்காட்டினாள்.